எதிரிக்குக் கயிறு போட்டவர்கள்

போன வாரம் உங்களுக்குக் கொடுத்த ஆரஞ்சு மேல்சட்டையில் இன்னும் பிளாஸ்டிக் வாசனை போயிருக்காது. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை நின்று பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரைக்காவல் குழுவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் சட்டையைத் திருப்பிக் கொடுத்தவன் நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கடலோரக் காவல் நிலையத்தில் கேட்டார்கள். வாக்கி டாக்கியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், படகின் பதிவு எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதையே நானும் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கமாட்டேன். எங்கள் குப்பத்தின் மானம் கப்பலேறியதையும், அதை நாங்கள் எப்படித் திரும்ப வாங்கினோம் என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி, நெட்டுக்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் துறைமுகம். நடுவில் இருக்கிற தண்ணீரில்தான் எங்கள் பிழைப்பு. மும்பையில் கடல் வழியாக ஆட்கள் வந்து இறங்கிச் சுட்ட பிறகு, கரையில் இருக்கிற மீனவர்களையே காவலுக்கும் சேர்க்கலாம் என்று மேலே யாருக்கோ தோன்றியது. எங்கள் குப்பத்தில் பதினோரு பேர் பெயர் கொடுத்தோம். தெரியாத படகு வந்தால் சொல்ல வேண்டும், தெரியாத ஆள் இறங்கினால் நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் எங்கள் நிலைமை வேறு. துறைமுகத்து வேலிக்கு அருகில் வலை வீசினால் காவலாளிகள் எங்களைத் திருடர்கள் என்றுதான் விரட்டுவார்கள். அப்பா வலை போட்ட இடத்தில் நான் அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. காட்ட என்னிடம் அட்டையும் இல்லை. இந்தச் சட்டை வந்த பிறகுதான் அதே காவலாளி “வாங்க அண்ணே” என்றான். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக்கு வந்தவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஏலக் கூடத்துக்குப் பின்னால் உள்ள சமூகக் கூடத்தில் வகுப்பு. முதல் நாளே அவர் தீவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் உலகம் முழுக்கத் தீவு தீவாகப் பிடித்து வைத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் பட்டாளம் அனுப்ப அவனிடம் ஆள் இல்லை. அதனால் அங்கங்கே உள்ளூரில் இருந்த குமாஸ்தா, தோட்டக்காரர், படகோட்டி என்று சேர்த்து, வாரத்துக்கு ஒரு நாள் அணிவகுப்புப் பழக்கி, துறைமுகத்தையும் கரையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பெரிய கப்பல் வந்து சேரும்வரை கரையில் நிற்கப் போவது அவர்கள்தான். “நீங்களும் அந்த மாதிரிதான்” என்றார்.

என் மனைவியின் தம்பி தேசிங்கு கையைத் தூக்கினான். என் படகில் என்னோடு வருகிறவன், வாய் சும்மா இருக்காது.

“அவங்களுக்குத் துப்பாக்கி குட்த்தாங்களா ஸார்?”

“கொடுத்தாங்க. பட்டாளத்துக்குப் புதுசு வந்தப்புறம் மிச்சமான பழசு.”

“ஏன் ஸார் அப்டி?”

“உள்ளூர்க்காரனை முழுசா நம்பவும் முடியல, அவன் இல்லாம முடியவும் இல்ல. அதான்.”

தேசிங்கு தன் கையில் இருந்த வாக்கி டாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிலையத்தில் யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய பெட்டி அது. உச்சியில் ரப்பர் வளையம் சுற்றியிருந்தது. “நம்ம துப்பாக்கி இதாங்காட்டியும்” என்றான். கூடமே சிரித்தது.

சிரிப்பெல்லாம் முதல் ஒத்திகையோடு போய்விட்டது. ஒத்திகை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை, இரண்டு நாள். எதிரி வேஷம் போட்ட போலீஸ்காரர்கள் எங்கேயாவது ஒரு படகைப் பிடித்துக்கொண்டு கடல் வழியாக வந்து இறங்கப் பார்ப்பார்கள். நாம் பிடிக்க வேண்டும். எந்த நாள் என்று தெரியும், எந்த நேரம், எந்த வேஷம் என்று தெரியாது.

முதல் ஒத்திகையன்று காலை பத்து மணி இருக்கும். நானும் தேசிங்கும் முகத்துவாரத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பைபர் படகு என்ஜின் ஓசை இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. நாலு பேர். ஒருவர் துண்டை எடுத்து வீசிக் காட்டினார்.

கடலுக்குப் போகாத வீட்டில் இருந்து வந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்களிடம், துண்டு வீசுகிற படகுக்கு முதலில் கயிறு. யார், எந்த ஊர், என்ன ஆச்சு என்ற கேள்வியெல்லாம் கரைக்கு வந்து டீ குடித்த பிறகு. இதற்காக யாரும் யாரிடமும் கூலி வாங்கியதில்லை. நாளைக்கு நாமும் துண்டு வீச வேண்டி வரும். வலைத் தகராறில் மூஞ்சி கொடுத்துப் பேசாத குப்பத்துக்காரனாக இருந்தாலும் கயிறு போடுவோம்.

போட்டேன். அறுபதடிக் கயிறு. நேராக முகத்துவாரத்துக்குள் இழுத்து வந்தேன். காவல் நிலையத்துப் படகுத்துறையைத் தாண்டும்போது அங்கே நின்ற காவலருக்குக் கையும் காட்டினேன். அவரும் காட்டினார். கரையில் இறங்கியதும் அந்த நாலு பேரில் மூத்தவர், மீசை வைத்தவர், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கண் கலங்கினார். என் வீட்டுக்கே கூட்டிப் போனேன். என் மனைவி அஞ்சலை இட்லி வைத்தாள். மீசைக்காரர் எட்டு இட்லி சாப்பிட்டார். நடிப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

சாப்பிட்டு, கை கழுவி, பையில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் வீட்டு டிவி பக்கத்தில் வைத்தார். அதன் மேல் பெரிய எழுத்தில் ‘வெடிகுண்டு’ என்று எழுதியிருந்தது.

“உங்க குப்பம் காலி. அடுத்தது மின் நிலையம்” என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். அஞ்சலைக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

ஒரு வாரத்துக்குள் காசிமேடு வரை கதை போய்விட்டது. ஐஸ் வாங்கப் போனால், “இன்னா நைனா, டெரரிஸ்ட்டுங்களுக்கு டோயிங் சர்வீஸ் உட்டுகிறியாமே” என்றார்கள். ஆய்வுக் கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் சுருக்கமாகப் பேசினார். இனிமேல் என்ஜின் நின்ற படகு என்று எது தெரிந்தாலும் கிட்டே போகக் கூடாது, தகவல் மட்டும் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் எங்கள் குப்பத்துக் குழுவைக் கலைத்துவிடுவார்கள். “உங்கள நம்பிக் கரைய விட முடியாதுன்னு எழுத வேண்டி வரும்” என்றார்.

எனக்குச் சட்டை போவது பெரிதில்லை. சட்டை போனால் வேலியோரத்தில் மறுபடியும் திருடன் என்பார்கள். இந்தத் தடவை அரசாங்கமே எழுதிக் கொடுத்த காகிதத்தோடு சொல்வார்கள். பதினோரு குடும்பத்துக்கும் சேர்த்து அதைச் செய்து வைத்தவன் நான்தான் என்ற நினைப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்துக்கு அப்போது புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. மாத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பார். எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ரோந்துப் படகில் ஏறுவார். நான் பார்த்த அதிகாரிகளில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்றால் அவர்தான். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

“அண்ணா, அவங்க நங்கூரம் எங்க இருந்துச்சு?”

“முன்னாடிதான் மேடம். சுத்தி வெச்சிருந்தாங்க.”

“ஈரமா, காய்ஞ்சா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ஜின் நின்றால் எந்தக் கடலோடியும் முதலில் நங்கூரத்தைப் போடுவான், அலை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே. அந்தப் படகில் கயிறு சுற்றினபடி, உப்புக்கூடப் படாமல், காய்ந்து கிடந்தது. பார்த்தேன். கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. துண்டு வீசியதும் கை தானாகக் கயிற்றுக்குப் போய்விட்டது.

“காய்ஞ்சுதான் கெடந்துச்சு மேடம்.”

“கயிறு போட்டத நான் தப்புன்னு சொல்லமாட்டேன். மேல குடுத்த உத்தரவ மாத்தற அதிகாரமும் எனக்கு இல்ல” என்றார். பிறகு வேறு ஏதோ கேட்பது போல, “உங்க கயிறு எவ்ளோ நீளம்?” என்றார்.

“அறுபதடி.”

“நீளமா இருந்தா இழுக்க முடியாதா?”

“முடியும். அலை இருந்தா நீளமாத்தான் இருக்கணும். கரைக்கு வர்றப்போதான் குறைப்போம்.”

“அப்ப கரைக்கு வந்தாத்தான் பிரச்சனை” என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் அடுத்த நாள் நூற்றைம்பதடியில் இன்னொரு கயிறு வாங்கிப் படகில் போட்டேன்.

அடுத்த ஒத்திகைக்கு முந்தின மாதங்களில் நாங்கள் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்ட அவமானத்தில், யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. காட்டுக்குப்பத்தில் இருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி முகத்துவாரத்தைக் கடந்து படகில் வந்தது. தேசிங்கு விசில் ஊதி நிறுத்தி, வரிசைத் தட்டு ஒவ்வொன்றையும் மூடியிருந்த துணியை எடுத்துக் காட்டச் சொன்னான். பழம், புடவை, வெற்றிலை, மஞ்சள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் பாக்கி. மாப்பிள்ளையின் அத்தை படகில் எழுந்து நின்று எங்கள் மூன்று தலைமுறையையும் விசாரித்தார். எல்லாரையும் நம்புகிறவன் எப்படிக் காவலுக்கு ஆகமாட்டானோ, அப்படித்தான் எல்லாரையும் சந்தேகப்படுகிறவனும். இரண்டு பேருமே எதிரில் இருப்பதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது ஒத்திகை தீபாவளி கழிந்து வந்தது. வாடைக் காற்று ஆரம்பித்துவிட்டது, கடல் சரியில்லை. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் காலை, துறைமுகத்து அலைத்தடுப்புக் கற்களுக்கு வடக்கே ஒரு படகு தெரிந்தது. என்ஜின் ஓசை இல்லை. நாலு பேர். ஒருவர் துண்டை வீசினார்.

“மாமா, அதே டிராமா” என்றான் தேசிங்கு. “ஆளுங்களக்கூட மாத்தாம வந்துகிறானுங்க போல கீது. தொடாத.”

பழைய பெட்டியில் தகவல் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்து கரகரப்புக்கு நடுவில் பதில் வந்தது. கிட்டே போகாதே, பார்த்துக்கொண்டிரு, ரோந்துப் படகு தெற்கே இருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும்.

நான் பார்த்தேன். இந்தத் தடவை புத்தியும் பார்த்தது. படகு அலைக்குக் குறுக்கே கிடந்தது. நடிக்கிறவன் கமுக்கமாக ஒரு துடுப்பை வைத்தாவது முகப்பை அலைக்கு நேராக வைத்துக்கொள்வான், குறுக்கே கிடந்தால் கவிழும் என்று அவனுக்கும் தெரியும். ஒருவர் பெட்டி மூடியால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நங்கூரக் கயிறு தொங்கியது. அதன் நுனி பிய்ந்து, அலையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. போட்டிருக்கிறார்கள், அறுந்திருக்கிறது. காற்று அவர்களைக் கற்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ரோந்துப் படகுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கற்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

இதுவும் நடிப்பாக இருக்கலாம். கயிற்றைப் பிய்த்துத் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்? நடிப்பாக இருந்து நான் கயிறு போட்டால் குழு போச்சு. நிஜமாக இருந்து நான் போடாவிட்டால், நாலு பேர் அந்தக் கற்களில் சிதைவதைச் சட்டையும் விசிலுமாக நின்று பார்த்தவன் என்று என் பிள்ளைகள் என்னைச் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

“ரெண்டு கயித்தையும் சேத்துக் கட்டு மச்சான்” என்றேன்.

“மாமா, உத்தரவு.”

“தெரியும். கட்டு.”

அவன் கட்டினான். முனகிக்கொண்டேதான், ஆனால் நல்ல முடிச்சாகப் போட்டான். ஒரு சிறு கயிற்றில் மிதவை கட்டி அலையோடு விட்டு, அதன் வழியாகப் பெரிய கயிற்றைக் கொடுத்தோம். அவர்கள் படகை நோக்கி ஒரு முழம்கூட நெருங்கவில்லை. காற்றையும் மீறிக் கத்தினேன்.

“பையெல்லாம் முன்னாடி போடு. நாலு பேரும் பின்னாடி போய் ஒக்காரு. எவனாச்சும் பைகிட்ட வந்தா கயித்த அறுத்துடுவேன்.”

பின்னால் கனம் இருந்தால் இழுபடும் படகின் முகப்பு தூக்கிக்கொள்ளும், அது எங்கள் வழக்கம். பைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு படகு நீளம் இருக்கட்டும் என்பது எனக்கு அன்று தோன்றியது. கயிறு இறுகியதும் கரைப் பக்கம் திருப்பவில்லை. காற்றுக்கு எதிரே, வெளிக்கடல் பக்கம் பிடித்தேன். அப்பப்பா, அந்தக் கற்கள் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருந்து ஒரே சத்தம். அதே மீசைக்காரர்தான், கையில் ஒரு அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். “நாங்க போலீஸ்யா. ஒத்திகை முடிஞ்சிடுச்சு. கரைக்கு உடுய்யா.”

“போன தபா மீனவன்னு சொன்ன” என்று தேசிங்கு திரும்பக் கத்தினான். “அட்டை எங்கிட்டயும் கீது ஸார். பேஜார் பண்ணாம ஒக்காருங்க.”

முக்கால் மணி நேரம் என்றது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவர்களை இருநூறடிக்கு அந்தப் பக்கம் வைத்து, வெளிக்கடலிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு பேரும் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். மீசைக்காரர் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கரைக்கு விடவில்லை.

ரோந்துப் படகு வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அம்மா முகம் வெளுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படகில் ஏறி முதல் காரியமாக முன்னால் கிடந்த பைகளைத் திறந்தார். ஒன்றில் இருந்து அதே அட்டைப்பெட்டி வெளியே வந்தது. ஓரம் நனைந்து, எழுத்துக் கரைந்திருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் பழைய வேஷத்தையே திரும்பப் போட வந்தார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறுவானா என்று பார்க்க நினைத்தார்கள். நடிப்புக்காக என்ஜினை நிறுத்தினார்கள். வாடகைக்குப் பிடித்த படகு, என்ஜின் திரும்ப உயிர் பெறவில்லை. பயந்து நங்கூரத்தைப் போட்டார்கள், கயிறு இற்றுப்போயிருந்தது. வேஷத்தோடு வந்தவர்கள் நிஜமாகவே துண்டு வீசினார்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் அதே பெரிய அதிகாரி. உத்தரவை மீறினீர்களா என்று கேட்டார். மீறினேன் என்றேன். எதிரிகள் இறங்கினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒன்றும் எழுதாமல் இருந்தார். பதினோரு பேரும் சுவரோரம் நின்றோம்.

மீசைக்காரர் எழுந்தார். “ஸார், இவரு உத்தரவுப்படி நின்னு பாத்துகினு இருந்தா, இந்தக் கூட்டத்துல நாலு நாற்காலி காலியா இருக்கும்” என்றார். பிறகு, “உத்தரவ மீறியும் எங்கள ஒரு அடி கரையேற உடல ஸார்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்து, “கயிறு எவ்ளோ நீளம்?” என்றார்.

எனக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா மெதுவாகத் தொண்டையைச் செருமியது கேட்டது. “எரநூறு அடி ஸார்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

உங்கள் கையேட்டில் ஒரு பத்தி இருக்கும். இழுவைக் கயிறு இருநூறு அடிக்குக் குறையக் கூடாது, பொருட்கள் முன்பக்கம், ஆட்கள் பின்பக்கம், காவல் படகு வரும்வரை வெளிக்கடலில் நிறுத்த வேண்டும். படிக்கச் சலிப்பாக இருக்கும். அது எங்கள் பத்தி. துண்டு வீசுகிறவனைக் கைவிடாதே என்று எங்கள் ஆட்கள் காலகாலமாகச் செய்ததையும், அவனை உடனே வீட்டுக்குள் விடாதே என்று நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியது. யாராவது வந்து அதில் ஒரு பாதியை மட்டும் செய்யச் சொன்னால், மறுபாதியை நினைவுபடுத்துங்கள். மரியாதையாக நினைவுபடுத்துங்கள், ஆனால் விடாதீர்கள்.

குழு கலையவில்லை. அடுத்த மாதம் நிலையத்தில் இருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே புது வாக்கி டாக்கிகள், மேலே ஒட்டிய தாள்கூடப் பிரிக்கவில்லை. தேசிங்கு ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான். “மாமா, புதுத் துப்பாக்கி குட்த்துட்டாங்க” என்றான். அவன் குரல் அன்றைக்குக் கேலியாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீசைக்காரரும் மற்ற மூன்று பேரும் நன்றி சொல்ல என் வீட்டுக்கு வந்தார்கள். அஞ்சலை இட்லி ஊற்றி வைத்திருந்தாள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாங்க வாங்க என்றாள். உள்ளே காலெடுத்து வைக்கப் போன மீசைக்காரரின் தோளைப் பார்த்தாள்.

“பைய அங்கயே வெச்சிட்டு வா நைனா” என்றாள். “எட்டு இட்லி எடுத்து வெச்சுகிறேன்.”

அவர் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.